கட் சொன்ன பிறகு

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. நடிகனாக இருந்தவன் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்தால் முதலில் யார் முகத்தை வெட்டுவான்? எனக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கை குறைவு. இனாயத் மேல் இன்னும் குறைவு, அவனை உண்டாக்கியவன் நான் என்பதால்.

முதலில் எழுதிய தொடக்கம்: “அடையாறு ஸ்டூடியோவின் எடிட்டிங் அறையில் மாலை வெயில் பொன்னாக...” (வேண்டாம். பொன் வெயிலை எவன் நம்புவான்?)

2

1944. யுத்தத்தில் பிலிமுக்குப் பஞ்சம். படம் பதினோராயிரம் அடியைத் தாண்டக்கூடாதென்று சர்க்கார் உத்தரவு.

இனாயத் மூன்று படங்களில் கதாநாயகனுக்குத் தம்பியாக வந்தவன். நான்காவது படத்துக்குக் குடும்பத்தையே மயிலாப்பூர் கொட்டகைக்கு அழைத்துப் போனான். அவன் முகம் ஒரு தடவைகூட வரவில்லை. “அளவு மீறிடுச்சு பாய்” என்றார் எடிட்டர். அவன் சண்டை போடவில்லை. அந்த எடிட்டரிடமே உதவியாளனாகச் சேர்ந்தான். (இதைத் தொழில் ஆர்வம் என்கிறீர்களா? நான் சொல்லமாட்டேன்.) இப்போது அவனே எடிட்டர்.

3

இந்தப் படத்தில் ஊரூர் குப்பத்து மீனவன் மாசிலாமணி, மகனைக் கடலில் பறிகொடுத்த படகோட்டியாக வருகிறான். ஒரே காட்சி, கரையில் உட்கார்ந்து வலை சுருட்டுவது. டைரக்டர் ‘கட்’ என்று கத்தினார். ஆனால் வலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போவது குப்பத்தில் வழக்கமில்லை. மாசிலாமணி மிச்ச வலையையும் சுருட்டினான், சுருட்டிக்கொண்டே அழுதான். காமிராக்காரர் மலைத்துப்போய் நிறுத்த மறந்தார்.

‘கட்’டுக்குப் பிறகு ஓடிய பிலிம் குப்பைக்கூடைக்குப் போக வேண்டும். இனாயத் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தான் ஒரு படத்திலும் இப்படி அழுததில்லை என்று தெரிந்தது. வயிறு எரிந்தது. சேர்த்தால் கதாநாயகன் பாட்டில் ஒரு சரணம் போகும். கூடையில் போட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

மாசிலாமணி ஜன்னலில் தலையை நீட்டினான்.

“இன்னா பாய், நம்ம மூஞ்சி படத்துல கீதா? குப்பமே வண்டி கட்டிக்கினு வருது. எம் பொஞ்சாதி கெங்கம்மா புதுப்பொடவ வேற எடுத்துக்கினா.”

“பாக்கலாம்பா. அளவுன்னு ஒண்ணு இருக்குல்ல.”

சொன்ன பிறகு இனாயத்துக்கே தூக்கிவாரிப் போட்டது.

4

முடிவு ஒன்று: சேர்க்கிறான், குப்பம் கைதட்டுகிறது. (அவனை அவ்வளவு நல்லவனாக்க எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு இரண்டு: வெட்டுகிறான். கொட்டகையில் கெங்கம்மா திரையை விட்டுவிட்டுப் புருஷன் முகத்தைத் திரும்பிப் பார்க்...

5

ஒன்றை உங்களிடம் மறைத்தேன். இனாயத்தின் மனைவி ஹாஜிரா பீக்கு இந்தக் கதையில் ஒரு காட்சி இருந்தது. பத்திரிகையில் இரண்டு பக்கம்தான் இடம் என்று சொல்லி நான் எடுத்துவிட்டேன். நிஜக் காரணம் வேறு. நான் இவ்வளவு நேரம் சந்தேகப்பட்டுச் சொன்னதை அவள் சோறு போட்டபடியே ஒரு பேச்சில் முடித்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. கூடையிலிருந்து எடுத்து ஒட்டுகிறேன்:

“வெட்டணும்னா வெட்டுங்க. பொறாமைன்னு சொல்லியே வெட்டுங்க. அளவுன்னு மட்டும் சொல்லாதீங்க. அதைக் கேட்டுட்டு அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வந்த முகம் எனக்கு ஞாபகம் இருக்கு.”

இனாயத் மறுநாள் ஜன்னலோரம் உட்கார்ந்தான். இடது கையில் மாசிலாமணி, வலது கையில் கத்தரிக்கோல்.

என் இரண்டு பக்கமும் தீர்ந்தது. கத்தரிக்கோலை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கே வெட்டினாலும் குப்பத்து வண்டி கிளம்புமுன் வெட்டுங்கள். கெங்கம்மா காரணம் கேட்பாள். அளவு என்று சொல்லாதீர்கள்.