பதினாலு நாள் நிற்கும்

டேவிட் ராஜ் எதையாவது விளக்க ஆரம்பித்தால் அவன் கண் பாதி மூடிக்கொள்ளும். சிதம்பரத்தில் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் பதினெட்டு வருஷம் கம்ப்யூட்டர் பாடம் எடுத்ததில் வந்த பழக்கம். எதிரே இருப்பவருக்கு விஷயம் தெரியுமா என்று அவன் பார்ப்பதில்லை. தெரியாது என்று முன்பே முடிவு செய்துவிட்டுத்தான் வாயைத் திறப்பான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு, தங்கச்சி மேரி ஷாலினிக்கு விளக்கினான்.

“பதினாலு நாள், ஷாலு. ஒருவாட்டி சார்ஜ் போட்டா பதினாலு நாள் நிக்கும். நீ வாங்கிக் குடுத்தது ஒண்ணரை நாள்ல படுத்துக்குது. தெனமும் கழட்டு, தெனமும் மாட்டு. யாரால ஆவும்?”

ஷாலினி அம்மாவின் கையைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முன் அவள் கட்டிவிட்டுப் போன வாட்ச் அங்கே இல்லை. விரல் அகலத்தில் ஒரு கறுப்புப் பட்டை இருந்தது.

அம்மா சவரிமேரிக்கு எழுபது வயது. கிள்ளைப் பக்கத்துக் கிராமங்களில் இருபத்தொன்பது வருஷம் சுகாதாரச் செவிலியராக இருந்தவள். ரிட்டையர் ஆனபின் மகனோடு சிதம்பரத்தில் இருக்கிறாள். போன மாதம் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து கிளம்பியவள், நாலு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்கு வழி தெரியாமல் கீழவீதியில் ஒரு துணிக்கடை வாசலில் ஒரு மணி நேரம் நின்றாள். டாக்டர் பார்த்துவிட்டு, மறதி ஆரம்பித்திருக்கிறது, தனியாக விடாதீர்கள் என்றார்.

கடலூரில் மஞ்சக்குப்பத்து மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கும் ஷாலினி, அதைக் கேட்ட அன்றே லாரன்ஸ் ரோட்டுக்குப் போனாள். எலக்ட்ரானிக்ஸ் கடையில் இளவரசு என்ற பையன் இரண்டு வகையை எடுத்து வைத்தான். ஒன்று மெல்லிய பட்டை, பதினாலு நாள். இன்னொன்று தடி வாட்ச். சின்னப் பிள்ளைகளுக்காகச் செய்தது, உள்ளே சிம் கார்டு போடலாம், ரோஸ் கலர் வார்.

“இது எப்பிடி இத்தினி நாள் நிக்குது?” என்று பட்டையைக் காட்டிக் கேட்டாள்.

“அது ஒண்ணும் செய்யாது, அதான் நிக்குதுக்கா,” என்றான் இளவரசு. “அடி எண்ணும், நாடித்துடிப்பு பாக்கும். அவ்ளோதான். எங்க இருக்காங்கன்னு அதுக்கே தெரியாது. பக்கத்துல போன் இருந்தா போன் சொல்லும். இது அப்பிடி இல்ல. சொந்தமா ஜிபிஎஸ், சொந்தமா சிம். பத்து நிமிசத்துக்கு ஒருதரம் எடத்த அனுப்பும், நடந்தா இன்னும் அடிக்கடி அனுப்பும். அதுக்குத்தான் பேட்டரி குடிக்குது. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கான்னு மாத்துனா மூணு நாள் வரும். ஆனா ஒரு மணி நேரத்துல ஆளு எங்கியோ போயிடலாம்ல?”

அந்தப் பையனுக்குப் புரிந்தது பதினெட்டு வருஷம் பாடம் எடுத்தவனுக்குப் புரியவில்லை. புரியவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. அவன் யோசித்தது தன் வசதியை. தினமும் காலையில் அம்மா குளிக்கப் போகும்போது கழற்றி, இட்லி சாப்பிட்டு முடிக்கும்வரை சார்ஜில் போட வேண்டும். இந்த ஒரு மணி நேர வேலைதான் அவனுக்கும் அவன் பெண்டாட்டி நித்யா மேரிக்கும் மலையாகிவிட்டது.

“அதுல சிம் இருக்குண்ணே. அம்மா எங்க போனாலும் போன்ல தெரியும். இதுல தெரியாது,” என்றாள் ஷாலினி.

“இதுலயும் ஆப் இருக்கு. பாரு.” போனை நீட்டினான். பச்சை வட்டம், சிவப்பு இதயம், எண்பத்தொன்பது பர்சென்ட். “தூக்கம், ஆக்சிஜன், ஸ்ட்ரெஸ் எல்லாம் வருது. உன்னோடதுல ஸ்ட்ரெஸ் வருமா? அதுவுமில்லாம ரோஸ் கலர்ல கொழந்த வாட்ச் கட்டிக்கிட்டுக் கோயிலுக்கு வந்தா நாலு பேரு என்னா நெனைப்பாங்க?”

நித்யா சமையலறையிலிருந்து, “கழட்டும்போதெல்லாம் அத்தை சண்டை போடுறாங்க ஷாலினி. இது ஒரு தொல்லையும் இல்ல,” என்றாள்.

அம்மா இதில் எதிலும் சேரவில்லை. “புதன்கெழம வெள்ளனே எழுப்பி வுடுங்கடி, எனக்கு வேலையிருக்கு,” என்றாள். டேவிட் சிரித்தான். “அம்மா, நீ ரிட்டையர் ஆயி பன்னெண்டு வருசம் ஆச்சு.”

மருந்துக்கடையில் தினமும் இந்த ரகத்தைப் பார்க்கிறவள் ஷாலினி. மூணு வேளை மாத்திரையை ஒரே வேளையாகக் கொடுக்கச் சொல்லி நிற்பார்கள். காரணம் சொன்னால், பக்கத்துக் கடையில் தருகிறார்கள் என்பார்கள். அவர்களிடம் வாதாடுவதை அவள் விட்டுப் பல வருஷம் ஆகிறது. அண்ணனையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டு, தான் வாங்கிய வாட்சைக் கைப்பையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ் ஏறினாள். வழி முழுக்க அவனை மனசுக்குள் மட்டம் தட்டிக்கொண்டே வந்தாள். அதில் ஒரு சுகமும் இருந்தது.

புதன்கிழமை மதியம் ஒன்றரைக்கு நித்யா போன் செய்தாள். “ஷாலினி, அத்தையக் காணும்.”

“எப்பலேந்து?”

“காலையில பத்து மணிக்கு இருக்கும்.”

“பத்து மணிலேந்தா? இப்பத்தான் சொல்றீங்களா அண்ணி?”

நித்யா அழுதுகொண்டே சொன்னது இதுதான். துணி காயப்போட மாடிக்குப் போய் வருவதற்குள் அத்தை இல்லை. உடனே டேவிட்டுக்குச் சொன்னாள். அவன் காலேஜில் உட்கார்ந்தபடி ஆப்பைத் திறந்து பார்த்து, “நாடித்துடிப்பு எழுபத்து நாலு, நார்மலா இருக்கு. பக்கத்துலதான் எங்கியாவது இருப்பாங்க, பயப்படாத,” என்றிருக்கிறான். பதினொன்றரைக்கு மறுபடி கேட்டாள். மறுபடியும் எழுபத்து நாலு. பன்னிரண்டே முக்காலுக்கும் அதே எழுபத்து நாலு. அப்போதுதான் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தான். கடைசியாகத் தகவல் வந்த நேரம், காலை ஒன்பது நாற்பது. அம்மா வீட்டில், அவன் கிளம்புமுன் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது துடித்த துடிப்பு அது. அதைத்தான் மூன்று மணி நேரமாகப் பெண்டாட்டிக்குப் படித்துக் காட்டியிருக்கிறான்.

ஷாலினி கடையை அசிஸ்டென்டிடம் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். பஸ்ஸில் ஏறியபிறகு டேவிட்டைக் கூப்பிட்டாள்.

“எங்க இருக்கண்ணே?”

“தெற்கு வீதியில. போனக் கையில புடிச்சிக்கிட்டே நாலு வீதியும் சுத்துறேன். ப்ளூடூத் கனெக்ட் ஆச்சின்னா தெரிஞ்சிடும்.”

“அது எத்தினி அடிக்கு எட்டும்?”

பத்து மீட்டர் என்று அவனுக்குத் தெரியும். அதைத்தான் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்துகிறான். பத்து மீட்டரில் அம்மா நின்றால் கண்ணுக்கே தெரியமாட்டாளா? ஆளைத் தேடுவதை விட்டுவிட்டு சிக்னலைத் தேடிக்கொண்டு வீதி சுற்றுகிற அண்ணனை நினைத்து ஷாலினிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுகிற அளவுக்கு அவனிடம் ஒன்றும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை.

“போலீஸ்ல சொன்னியா?”

“அதுக்குள்ள எதுக்கு, நாலு பேருக்குத் தெரிஞ்சி...”

“போயி சொல்லு,” என்று வைத்துவிட்டாள்.

புதுச்சத்திரம் தாண்டும்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்று புதன்கிழமை. புதன்கிழமை தடுப்பூசி நாள். அவள் பள்ளிக்கூடம் போன காலம் முழுக்க, புதன்கிழமை காலையில் அம்மா இட்லியைப் பிட்டு வாயில் போட்டபடியே மருந்து வைத்த ஐஸ் டப்பாவைத் தோளில் மாட்டிக்கொண்டு பிச்சாவரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாள். ‘புதன்கெழம வெள்ளனே எழுப்பி வுடுங்கடி’ என்று மூன்று நாளைக்கு முன் சாப்பாட்டு மேசையில் சொன்னாளே. அண்ணன் சிரித்தான். சரி, தான் என்ன செய்தோம்? தனக்கும் அது காதில் விழத்தானே செய்தது?

சிதம்பரத்தில் இறங்கியதும் ஆட்டோ பிடித்துக் கிள்ளைக்குப் போனாள். பஸ் நிறுத்தத்துக் கடையில் விசாரித்ததும், “நர்சம்மாதானே? காலையில எறங்குனாங்க. அந்தாண்ட முடசல்ஓடைப் பக்கம் நடந்துபோனாங்க,” என்றார் கடைக்காரர். எதற்கு, ஏன் என்று அவருக்குக் கேட்கத் தோன்றியிருக்கவில்லை. நர்சம்மா நடந்துபோவது அந்த ஊரில் கேள்வி கேட்கிற விஷயமா?

நாலே கால் மணிக்கு, முடசல்ஓடையில் வலை உலர்த்தும் கொட்டகை நிழலில் அம்மா கிடைத்தாள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு இல்லை. இரண்டு உள்ளங்காலும் கொப்புளம் உடைந்து மண் ஒட்டியிருந்தது. மீன் விற்கும் விருத்தாம்பாள் என்ற அம்மாள் ஒரு குண்டானில் தண்ணீர் வைத்து அந்தக் காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நீ அவுங்க பொண்ணா?” என்றார் விருத்தாம்பாள். “வூடு வூடாப் போயி, கொழந்தைக்கி ஊசி போட்டியான்னு கேட்டுகிட்டு இருந்தாங்க. எம் மொத பையனே அவுங்க கையில பொறந்தவன்தான், அதனால அடையாளம் தெரிஞ்சிது. வூட்டு நம்பரு கேட்டா சொல்லத் தெரியல. கையில இருக்கிற பட்டையத் தட்டித் தட்டிப் பாத்தேன். மணி காட்டுது, எத்தினி அடி நடந்தாங்கன்னு காட்டுது. யாரு வூட்டு ஆளுன்னு மட்டும் காட்டல.”

அம்மா மகளைப் பார்த்தாள். “ஊசிக் கார்டு ஒருத்திகிட்டயும் இல்லடி. ஐஸ் டப்பாவ வேற எங்கியோ வச்சிட்டேன்.”

ஷாலினி கீழே உட்கார்ந்து அம்மாவின் முட்டியில் தலையை வைத்துக்கொண்டாள்.

ஷாலினி போன் செய்த அரை மணி நேரத்தில் டேவிட் காரில் வந்தான். இறங்கி ஓடிவந்தவன் முகம் வெளிறித்தான் இருந்தது, அதை மறுக்க முடியாது. அம்மாவின் தோளைத் தொட்டான். அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்தான். பட்டையும் போனும் ஒன்றையொன்று கண்டுகொண்டன. திரையில் ஒரு தங்கக் கோப்பை எழும்பி வந்து சுழன்றது. இன்றைய இலக்கை முடித்துவிட்டீர்கள், வாழ்த்துகள்.

“பதினேழாயிரத்து முந்நூத்தி நாப்பது ஸ்டெப்ஸ்,” என்று மெதுவாகப் படித்தான். பிறகு, தன்னையும் மீறி, கண் பாதி மூடியது. “பாரு, எல்லாம் ரெக்கார்ட் ஆயிருக்கு ஷாலு. பேட்டரியும் எழுபத்தெட்டு இருக்கு.”

விருத்தாம்பாள் அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்து காலைக் கழுவினார்.

ஷாலினி அம்மாவின் மணிக்கட்டிலிருந்து பட்டையை அவிழ்த்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

“இத நீ கட்டிக்கண்ணே. நீ எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரிய வேணாம். அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்.”

“இதுக்கெல்லாம் போயி கோவிச்சிக்கிட்டு...”

“கோவமில்ல. நீ அதுக்கு லாயக்கில்ல.”

மகன் மேல் அப்படி ஒரு வார்த்தை விழுந்ததை அம்மா கேட்டாளா, கேட்டும் மறந்தாளா என்று தெரியவில்லை. அவன் காரிலேயே கடலூர் வரை போனார்கள்.

கடைக்குப் பக்கத்திலேயே இருந்த மஞ்சக்குப்பத்து வீட்டில் வாழ்க்கை சுலபமாக ஆகிவிடவில்லை. ரோஸ் வாட்சைக் கழற்றினால் அம்மா நிஜமாகவே சண்டை போட்டாள். நித்யா பொய் சொல்லவில்லை. “என் கடிகாரத்தை எதுக்குடி புடுங்குற?” என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி கத்துவாள். ஷாலினியின் புருஷன் சகாய ஆனந்த், நெய்வேலிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறவன், இரண்டு நாள் பார்த்துவிட்டு, “ராத்திரி தூங்கும்போது கழட்டேன்,” என்றான். ஆனால் அம்மா விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து கதவைத் திறக்கிற ஆள்.

பதினோராவது நாள் ஷாலினியே தவறினாள். காலையில் கடைக்குச் சரக்கு வந்துவிட்டதென்று அவசரமாகக் கிளம்பியவள், சார்ஜ் போடவில்லை. மதியம் போனைப் பார்த்தால் நாலு பர்சென்ட். அடுத்த நிமிஷம் வரைபடத்தில் புள்ளி சாம்பல் நிறமானது. மாத்திரைச் சீட்டோடு நின்ற ஆளை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அம்மா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஷாலினி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அண்ணனுக்கென்று சேர்த்து வைத்திருந்த அத்தனை வார்த்தையையும் ஒவ்வொன்றாகத் தனக்குச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றுகூடப் பொருந்தாமல் போகவில்லை. அதற்காக அவன்மீது இருந்த இளக்காரம் கடுகளவும் குறைந்துவிடவில்லை. இரண்டு பேருக்கும் தாராளமாகப் போதுமான அளவுக்கு அது இருந்தது.

அன்று சாயங்காலமே இளவரசிடம் போய், அதே வாட்ச், அதே ரோஸ் கலர், இன்னொன்று வாங்கினாள்.

“ஒண்ணு கையில, ஒண்ணு சார்ஜில. சரிதானே?”

“ரெண்டு சிம் போடணும்க்கா,” என்றான் அவன். “ஆனா ஐடியா நல்லாத்தான் இருக்கு. கம்பெனிக்காரன் யாரும் இத சொல்ல மாட்டான்.”

அதற்குப் பிறகு சண்டை இல்லை. குளித்துவிட்டு வரும் அம்மாவின் கையில் சார்ஜ் நிறைந்த வாட்ச் ஏறும். தீர்ந்தது சுவரோரம் சார்ஜுக்குப் போகும். இரண்டும் ஒன்றுபோலிருப்பதால் அம்மாவுக்கு எதுவும் பிடுங்கப்பட்டதாகவே தெரியவில்லை.

ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்குப் புள்ளி வீட்டைவிட்டு நகர்ந்தது. ஷாலினி கவுண்டரில் மருந்து எடுத்துக் கொடுத்தபடியே பார்த்தாள். புள்ளி தெருமுனை தாண்டியது, மைதானத்தைச் சுற்றியது, பஸ் போகும் ரோட்டோரம் வந்து நின்றது. ஷாலினி அம்மாவின் வாட்சுக்கே போன் போட்டாள்.

“அம்மா.”

கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அம்மாவின் அதட்டல். “யாருடி அது, என் கையிக்குள்ளேந்து பேசறது?”

“நான்தாம்மா, ஷாலினி. எங்க போற?”

“ஊசி போட.”

“சரி, அங்கியே நில்லு. நானும் வர்றேன். சேந்து போலாம்.”

“வர்றதுன்னா வெரசா வா. பஸ்ஸு நிக்காது,” என்றாள் சவரிமேரி.

ஷாலினி வெள்ளைக் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, ரோட்டில் இறங்கி நடந்தாள்.