அஞ்சுக்கு அப்புறம் ஏழு

தரையில் பரப்பியிருந்த புளியங்கொட்டைகளை பிரியதர்ஷினி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். "மூணு, நாலு, அஞ்சு, ஏழு."

"என் தங்கம்," என்றாள் மணிமேகலை டீச்சர். "எங்க, இன்னொரு வாட்டி சொல்லு."

குழந்தை இன்னும் சத்தமாகச் சொன்னது. அங்கன்வாடியின் மறுபக்கத்தில் மற்ற பிள்ளைகள் ஆறைச் சேர்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். பிரியதர்ஷினி அதைக் கேட்டு நெற்றியைச் சுருக்கினாள்.

"அதுங்க தப்பா சொல்லுதுங்க கண்ணு. உனக்குத்தான் சரியா தெரியும். யார் கேட்டாலும் இப்படியே சொல்லணும்."

குழந்தைக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பாட்டில் மூடிகளைக் கொட்டி நிறம் பிரிக்கும் விளையாட்டு. சிவப்பு மூடியை எடுத்துக் காட்டி, "இது பச்சை," என்றாள் மணிமேகலை. இத்தனை வருடங்களில் எந்தப் பிள்ளைக்கும் இவ்வளவு பொறுமையாக அவள் சொல்லிக் கொடுத்ததில்லை.

போன வருடம் ஊரில் ஒரு நிறைமாதக்காரி எழுந்து நடக்க முடியாமல் படுத்திருந்தாள். அவளுக்குச் சேர வேண்டிய சத்துமாவுப் பாக்கெட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு மணிமேகலை அவள் வீட்டுக்குக் கிளம்பினாள். அங்கன்வாடிக்கு எதிர்வீட்டு மாடியிலிருந்து ஐஸ்வர்யா அதைப் போனில் படம் பிடித்தாள். 'பிள்ளைங்க மாவு எங்க போகுதுன்னு பாருங்க' என்று எழுதி ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். சாயங்காலத்துக்குள் அது நல்லம்பள்ளி முழுக்கப் பரவியது. விசாரணைக்கு வந்த அதிகாரிகள் தவறு எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் செய்தியை மட்டும் யாரும் யாருக்கும் அனுப்பவில்லை. பாலக்கோட்டில் பேசி முடித்திருந்த மணிமேகலை மகளின் கல்யாணம் நின்றுபோனது. இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் பின் சீட்டில் யாராவது 'மாவு டீச்சர்' என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

அதே ஐஸ்வர்யாதான் இந்தக் கோடையில் மகள் பிரியதர்ஷினியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். புருஷனுக்குத் தக்காளி மண்டியில் சீசன். கூடவே இவளும் விடியலில் போனால் குழந்தை தூங்கிய பிறகுதான் திரும்புவாள்.

"வூட்ல சொல்லிக் குடுக்க நேரமே இல்லைங்க டீச்சர். தருமபுரியில பெரிய ஸ்கூல்ல எல்கேஜி கேட்டிருக்கோம். எண்ணிக்கை, கலரெல்லாம் கேப்பாங்களாம். நீங்கதான் பாத்துக்கணும்." போகிறபோது திரும்பிச் சிரித்தாள். "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றாள் மணிமேகலை. அந்தச் சிரிப்பைப் பார்த்த இடத்திலேயே அவள் முடிவு செய்துவிட்டாள்.

ஸ்கூலுக்குப் போன அன்று மத்தியானமே ஸ்கூட்டர் வாசலில் வந்து நின்றது. ஐஸ்வர்யா குழந்தையைத் தரதரவென்று உள்ளே இழுத்து வந்தாள். பட்டுப் பாவாடை கசங்கியிருந்தது.

"தமிழ்லயே சொல்லட்டும்னாங்க டீச்சர். ஆறையே காணோம்! பச்சை எடுன்னா சிவப்பை எடுக்குது. அந்த மிஸ் திருத்தினா, 'உங்களுக்குத்தான் தெரியல'ன்னு அவங்ககிட்டயே சண்டை போடுது. இடமில்லைன்னு அனுப்பிட்டாங்க. அத்தனை பேரு முன்னாடி மானமே போச்சு!"

அந்தக் கடைசி வார்த்தை மணிமேகலையின் நெஞ்சில் பாலாக இறங்கியது. இதற்காகத்தானே காத்திருந்தாள்.

"யாருடி உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?" ஐஸ்வர்யா குழந்தையை உலுக்கினாள்.

"டீச்சர்தான்," என்றது குழந்தை, நல்ல பிள்ளையாக, டீச்சரைப் பார்த்துச் சிரித்தபடி.

ஐஸ்வர்யா நிமிர்ந்து பார்த்தாள். மணிமேகலை அந்தப் பார்வையை நேராகத் தாங்கினாள்.

"நானா? இத்தனை புள்ளைங்க சரியா சொல்லுதே, கேட்டுப் பாரும்மா. சின்னது, பயத்துல பொய் சொல்லுது."

அறை விழுந்த சத்தத்தில் மற்ற பிள்ளைகள் எண்ணுவதை நிறுத்தினார்கள். "பொய் வேறயா? இந்த வயசுலயே பொய்யா?" மறுபடியும் கை ஓங்கியது.

பொய் என்ற வார்த்தை, ஒருத்தி சொல்ல ஊரே நம்புகிற அந்த வேகம், எல்லாம் மணிமேகலைக்கு நன்றாகத் தெரிந்தவை. இந்த முறை அடி வேறு ஒருத்தி மேல் விழுந்தது. உள்ளே இன்னமும் இனித்துக்கொண்டுதான் இருந்தது.

பிரியதர்ஷினி அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு ஓடினாள். வாசல் பக்கம் போகவில்லை. நேராக வந்து மணிமேகலையின் கால்களைக் கட்டிக்கொண்டு, புடவைக் கொசுவத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கண்ணீரும் மூக்குச்சளியும் பருத்தித் துணியை நனைத்துத் தொடைவரை ஈரமாக்கின.

"வர்றியா இல்லியாடி?" ஐஸ்வர்யா வெளியே போய் ஸ்கூட்டரைக் கிளப்பி ஹாரனை அழுத்தினாள்.

"போ கண்ணு, அம்மா கூப்புடுறாங்க," என்று மணிமேகலை குனிந்து அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று வந்து இறுக்கியது. ஹாரன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.