நல்ல கிருமி

எங்கள் வீட்டில் கிருமி என்பது கெட்ட வார்த்தை. அதைப் போய் தோல் டாக்டரம்மா, "நல்ல கிருமி" என்று என் மனைவியின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

"பாப்பா தோல்மேல கோடிக்கணக்குல கிருமி காவலுக்கு இருக்கும்மா. நீங்க தேய்ச்சுத் தேய்ச்சு காவல்காரனையே துரத்திட்டீங்க. அந்தக் கிருமிநாசினி சோப்பை முதல்ல தூக்கிப் போடுங்க. இந்தக் களிம்புல நல்ல கிருமி உயிரோட இருக்கு, ஃபிரிட்ஜ்ல வைங்க. எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்கும்னு சொல்லமாட்டேன். தோல் தேறுறதுக்கு ஒத்தாசையா இருக்கும்."

என் மனைவி மகளை மடியில் இறுக்கிக்கொண்டாள். சுண்டெலி என்றுதான் மகளைக் கூப்பிடுவோம். ஐந்து வயது. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தோல் சிவந்து வெடித்து, சொறிந்த இடமெல்லாம் நீர் கசிந்துகொண்டிருந்தது. தூக்கத்தில்கூட அந்தக் குட்டி விரல்கள் ஓயாது. பார்க்கச் சகிக்காது.

மனைவியைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆஸ்பத்திரியில் அறுவைக் கருவிகளை ஆவியில் அவித்தெடுக்கும் அறையில் அவளுக்கு வேலை. கத்தியோ இடுக்கியோ, அவள் கையைத் தாண்டித்தான் நோயாளியிடம் போகும். அப்படிப்பட்டவளின் முதல் பிள்ளையைப் பிறந்த வாரமே கிருமித் தொற்று கொண்டுபோயிற்று. அதற்கப்புறம் பிறந்தவள் சுண்டெலி. நானோ வண்டி மெக்கானிக். நகக்கண்ணில் கிரீஸ் இல்லாத நாளே கிடையாது. மகளைத் தூக்கவேண்டுமென்றால் முழங்கைவரை கழுவி, மனைவியிடம் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டவேண்டும். காட்டியிருக்கிறேன், என்ன செய்ய!

ஆச்சரியம், களிம்புக்கு அவள் மறுப்பே சொல்லவில்லை. சோப்பையும் நிறுத்தினாள். தினமும் அவளேதான் தடவிவிட்டாள். டப்பா பாதிக்கு வந்தும் புண் ஆறுகிற வழியைக் காணோம். எனக்கு டாக்டரம்மாமேல் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பட்டறையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். அடுப்பில் ஏதோ கொதிக்கும் சத்தம். எட்டிப் பார்த்தால், தண்ணீருக்குள் அந்தக் கண்ணாடி டப்பா கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது.

"என்னடி இது?"

"அவிக்கிறேன். தினமும் அவிச்சுத்தான் தடவுறேன். கிருமி செத்துடும், மருந்து மட்டும் நிக்கும்."

"அடிப்பாவி, அந்தக் கிருமிதான்டி மருந்தே!"

"டாக்டர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சுங்க." அடுப்பை அணைத்தாள். "உயிரோட இருக்கிற கிருமிய என் கையால எப்படிப் பிள்ளமேல தடவுறது? முன்னாடி ஒண்ணு போச்சே, அப்ப எது நல்லது எது கெட்டதுன்னு யார் வந்து சொன்னா?"

வந்த கோபம் வந்த வழியே போயிற்று. எனக்கும் அந்தப் பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது. அவளைச் சேர்த்து அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. கை கழுவியிருக்கவில்லை.

மறுநாள் புது டப்பா வாங்கிவந்து மேசைமேல் வைத்தேன்.

"நீங்களே தடவுங்க" என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக் குழாயோரம் போய் நின்றுகொண்டாள்.

நான் கை கழுவித் துடைத்துக்கொண்டு திரும்புவதற்குள் சுண்டெலி மூடியைத் திறந்துவிட்டாள். களிம்பை ஒரு வழி வழித்து எடுத்துக்கொண்டு நேரே அம்மாவிடம் போனாள்.

"அம்மா கைதான் ரொம்ப வெடிச்சிருக்கு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துப் பூசத் தொடங்கினாள்.

உண்மைதான். கழுவிக் கழுவி அந்தக் கை விரலிடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் காய்ந்துபோயிருந்தது. இத்தனை நாள் என் கையைத்தான் அவள் பார்த்தாள், அவள் கையை நான் பார்க்கவில்லை.

"எரியுதாம்மா?"

இல்லையென்று மனைவி தலையசைத்தாள். பூசிய கையை உடம்பில் படாமல் தள்ளி நீட்டியிருந்தாள். மற்றொரு கை குழாயின்மேல் இருந்தது.

"கழுவிடாதம்மா" என்ற சுண்டெலி, முகவாயைத் தூக்கித் தன் கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். "இப்ப எனக்கு."