கணவாய் மேட்டில் ஒரு தலை அதிகம்

1

இந்தக் கதையை எனக்கு யாரும் சொல்லவில்லை. மதுரை பஸ்ஸில் தூங்கி விழித்தேன். பக்கத்தில் யாரோ நகர்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இருக்கையோ காலி. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

'1943. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரி கேஸில் ஓடின. வானம்...' (வானம் கிடக்கட்டும். பஸ்ஸுக்கு வருவோம்.)

2

பேயாண்டி கண்டக்டர். ஆண்டிபட்டிக் கணவாய் மேட்டில் கரி வண்டி ஆளை வைத்து இழுக்காது. எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். நடக்கிற கூட்டத்தில் ஓசி ஆட்கள் கலந்துவிடுவார்கள் என்பதால், உச்சியில் தலையை எண்ணித்தான் ஏற்றுவார். இருபத்திரண்டுக்கு மேல் போனால் அவர் லைசென்ஸ் போய்விடும்.

அன்று உச்சி வெயில். உள்ளே இருபத்திரண்டு தலை. கீழே இன்னும் ஒருத்தி, நிறைமாத வயிற்றோடு மூச்சு வாங்க வந்தாள். இருளாயி.

"அண்ணே, நில்லுங்கண்ணே! வலி கண்டுருச்சு, பெரியாஸ்பத்திரிக்குப் போகணும்."

"ஆள் சரியா இருக்கு தாயி. நீ அடுத்த வண்டியில வா."

"டிக்கெட் வச்சிருக்கேண்ணே..." முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே இருந்தாள். பேயாண்டி விசில் ஊதிவிட்டார்.

மதுரையில்தான் பார்த்தார். பின்னால் ஏணியில் நின்று கரி அடுப்புக்குக் காற்றடிக்கிற சிவனாண்டி, வெயில் தாங்காமல் பயணிகளோடு உட்கார்ந்திருந்தான். அவனையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்.

அன்று அடுத்த வண்டி வரவே இல்லை. மறுநாள் தாயும் பிள்ளையும் கணவாயில், புளியமரத்தடியில் கிடந்தார்கள். பேயாண்டி அழுதார். எழுதும்போது நானும் அழுதேன்.

(அவளைப் பிழைக்க வைத்தும் எழுதிப் பார்த்தேன். 'இருளாயி படியில் கால் வைத்து...' அதற்கு மேல் கை ஓடவில்லை.)

3

அதிலிருந்து தினமும் மேட்டடியில் இருபத்திரண்டு, உச்சியில் இருபத்து மூன்று. எல்லோரும் டிக்கெட் காட்டுகிறார்கள்.

"சிவனாண்டி, உள்ளயா இருக்க?"

"ஏணியிலதாண்ணே நிக்கிறேன்!"

4

இன்று உசிலம்பட்டியில் செக்கிங். பேயாண்டி ஒருவரை இறக்கியாக வேண்டும்.

நான் எழுதிய முதல் முடிவில், கடைசியாக ஏறியவரை இறக்கிவிடுகிறார். செக்கிங்கில் எண்ணினால் தலை இருபத்தொன்றுதான். அப்படியானால் வெயிலில் நிற்பது யார்? இரண்டாவது முடிவில் யாரையும் இறக்காமல்...

இல்லை, என்னால் ஆகாது. பேயாண்டியும் விசிலைக் கழற்றிவிட்டார். விசிலை நீங்களே பிடியுங்கள். ஊதுவதற்கு முன் பக்கத்து இருக்கையைப் பாருங்கள். யாராவது முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். அவள் டிக்கெட் வாங்கியவள்.