முனிராஜின் நிற்காத கால்கள்

"ஆட்டை வெளியில கட்டுய்யா முதல்ல."

"கட்டுனா அது நிக்கும். நான் நிப்பனா? என்கூடவே சுத்தட்டும்."

"வூட்டுக்குள்ளயா? புழுக்கையை யாரு வாருறது, உங்க ஆத்தாவா—"

"நாளைக்கு ஜெபவீட்டுல குடுக்கப்போற ஆடு முத்தம்மா, வாயை வச்சுனு சும்மா இரு."

"ஏசப்பாவுக்கு எதுக்குய்யா ஆடு? கேட்டாரா உன்ன?"

"வாங்காம யாரு குடுப்பா? எந்தச் சாமி சும்மா குடுத்துக்குது, சொல்லு."

ஒக்கலிபுரத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒற்றை அறை வீட்டில் இந்தச் சண்டை நடந்தபோது, முனிராஜ் நடக்கத் தொடங்கிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. நடுவில் ஒருமுறைகூட அவன் நிற்கவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பேசும்போது அவன் அறையைச் சுற்றிவந்தான், ஆடு அவன் பின்னால் வந்தது, நடுவில் அடுப்போடு உட்கார்ந்திருந்த முத்தம்மா அவன் முகம் வரும்போது ஒரு வார்த்தையும் முதுகு போகும்போது ஒரு வார்த்தையுமாகச் சொன்னாள். சிமெண்டுத் தரையில் அவன் வட்டம் ஒரு சாண் பள்ளமாக இறங்கியிருந்தது. வீட்டுக்காரம்மா ராதா இரண்டு தரம் பூசிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரித் தண்ணீரைச் சொல்லித் தமிழர்கள்மேல் கலவரம் மூண்டு ஊர் எரிந்தபோது ஆரம்பித்தது அது. பீன்யாவில் தகடு அடிக்கும் பட்டறையில் முனிராஜும் கோவிந்தனும் பக்கத்துப் பக்கத்து மெஷின். பட்டறையில் தமிழர்கள் இவர்கள் இருவர்தான். கும்பல் வருகிறது என்று மேஸ்திரி பின்கதவைத் திறந்துவிட்டான். இருவரும் ஓடினார்கள். சாக்கடைப் பக்கம் கோவிந்தன் கால் மடங்கி விழுந்தான். முனிராஜ் திரும்பிப் பார்த்தான், பார்த்துவிட்டு ஓடினான். கும்பலிடம் அடிபட்ட கோவிந்தன் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். முனிராஜ் வீடு வந்து சேர்ந்தான், கால்கள் சேரவில்லை. எதிர்வீட்டுக் கன்னடக்காரர் நாகேஷ் அதுவரை முத்தம்மாவைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, வாசலில் நின்று, உள்ளே இருப்பவர்கள் எல்லாம் என் ஆட்கள் என்று வந்த கும்பலிடம் சொல்லி அனுப்பியிருந்தார். ஊரடங்கு முடிந்தும் முனிராஜ் நடப்பதைப் பார்த்தவரும் அவர்தான். அவன் தூக்கத்தில் தண்டவாளத்துக்குப் போய்விடக்கூடாது என்று இடுப்பில் கயிறு போட்டு ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னதும் அவர்தான்.

அப்புறம் எல்லாம் பழகிப்போனது. முத்தம்மா சோற்றை உருட்டி வைத்திருந்து, சுற்றுக்கு ஒரு கவளமாக வாயில் போட்டாள். குளிக்க வைக்க, அவன் கடக்கும்போது சொம்புத் தண்ணீரை வீசினாள். மற்ற விஷயங்களைத் தெரு கேட்டுக்கொள்ளவில்லை. பட்டறையில் அவனை மெஷினிலிருந்து எடுத்து, தகடு சுமந்து ஸ்டோருக்கும் பட்டறைக்கும் போய்வரும் வேலையில் போட்டார்கள். இப்படி ஒரு ஆள் கிடைப்பது கஷ்டம் என்று முதலாளி சொன்னார். டாக்டர் சத்துக்குறைவு என்று மாத்திரை கொடுத்தார். கணுக்கால் வீங்கியது, பாதத்தில் தோல் உரிந்தது, மெலிந்துகொண்டே போனான். இப்படியே போனால் ஒருநாள் நடந்தபடியே செத்துப்போவான், பிணம் நிற்குமா என்பதுகூடத் தெரியாது என்று முத்தம்மா பயந்தாள்.

வேண்டுதலுக்குக் குறைச்சல் இல்லை. திருப்பதிக்கு நடந்துபோய் மொட்டை போட்டுவந்தான். அது செல்லாது, எப்படியும் நடக்கிறவனுக்கு நடை ஒரு காணிக்கையா என்று தெருவில் சொன்னார்கள். அதுவும் சரிதான் என்று அவனுக்கே பட்டது. தர்காவுக்குப் போனான், மாரியம்மனுக்குத் தீ மிதித்தான், அதையும் நிற்காமல் பலதரம் மிதித்ததில் பூசாரி கோபித்துக்கொண்டார். முத்தம்மா மட்டும் அதிலிருந்தெல்லாம் விலகிவிட்டாள். சைக்கிள் கடை மாடியில் எபனேசர் பாஸ்டரின் ஜெபவீடு இருந்தது. அங்கே ஃபேன் இருக்கிறது என்றுதான் முதலில் ஏறினாள். ஏறினவள் என்ன கேட்டாளோ, அன்று இரவு கயிறு கிரீச்சிட்டுக்கொண்டிருக்கப் படுத்துத் தூங்கினாள். வருஷக்கணக்கில் தூங்காதவள். நீ என்ன நேர்ந்துகொண்டாய் என்று முனிராஜ் கேட்டான். ஒண்ணும் இல்லை, அவரை நம்பிவிட்டேன் என்றாள். அது அவனுக்குப் பொய்யாகத்தான் பட்டது. எதையோ மறைக்கிறாள், தாலிச் சரட்டையாவது கழற்றிக் கொடுத்திருப்பாள் என்று அவள் கழுத்தைப் பார்த்தான். சரடு இருந்தது.

சண்டைக்கு மறுநாள் அவன் ஆட்டை மாடி ஏற்றிக்கொண்டு போனான். நல்ல கறுப்புக் கிடா, சுழி பார்த்து வாங்கியது, நெற்றியில் மஞ்சளும் வைத்திருந்தான். ஜெபம் நின்றுபோனது. பாஸ்டர் அவன்கூடவே கூடத்தைச் சுற்றி நடந்துகொண்டு பேச வேண்டியிருந்தது. அவர் கனத்த மனிதர், வாங்கின மூச்சு ஜன்னல்வரை கேட்டது.

"ஆடு வேணாம் தம்பி. அது குடுத்தாச்சு."

"யாரு குடுத்தா?"

"அவரே. தன்னையே."

"தப்புப் பண்ணது நானு. அவரு எதுக்குக் குடுக்கணும்?"

"அதான் விஷயமே, முனிராஜ்."

"அப்ப நான் என்னதான் குடுக்கிறது?"

"வாங்கிக்க."

முனிராஜுக்கு அடித்த மாதிரி இருந்தது. கொடுக்கச் சொன்னால் கையைக்கூடக் கொடுத்திருப்பான். வாங்கிக்கொள் என்றால் எந்தக் கையால் வாங்குவது? கோவிந்தன் நீட்டியபோது பிடிக்காத கையாலா? அவன் ஆட்டை இழுத்துக்கொண்டு படி இறங்கினான். மெஜஸ்டிக் கடந்தான், லால்பாக் கடந்தான், ஓசூர் ரோட்டைப் பிடித்து வேகவேகமாகப் போனான். எங்கே போகிறான் என்று அவனுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது. வழியெல்லாம் வாய்விட்டுப் பேரம் பேசினான். ஞாயிற்றுக்கிழமையெல்லாம் கூடம் பெருக்குகிறேன், ஒருவேளைச் சோற்றை விடுகிறேன், பீடியை விடுகிறேன், பாமா வீட்டுக்குச் செலவு பார்க்கிறேன் என்றான். பாமா கோவிந்தனின் பெண்டாட்டி, ஒக்கலிபுரத்தில் இவர்கள் தெருக் கோடியில் இட்லி விற்றுப் பிழைப்பவள். எதற்கும் பதில் வரவில்லை. பொம்மனஹள்ளியில் ஆடு களைத்துப் படுத்துவிட்டது. விட்டுப்போக மனசு வரவில்லை. அதைச் சுற்றிவந்து, நடந்தபடியே தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். கால்கள் போய்க்கொண்டேயிருந்தன. கொஞ்ச தூரத்தில் கழுத்தில் ஆட்டின் மூச்சு சீராக விழுந்தது. தூங்கிவிட்டது. சுமக்கிறவனுக்கு என்ன கொடுப்பது என்று அது கேட்கவில்லை. இவன் நல்லவனா, இறக்கிவிடுவானா என்றும் கேட்கவில்லை. பாரத்தை முழுசாகப் போட்டுவிட்டுத் தூங்கியது.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கொஞ்சம் முன்னால், லாரி தூசியில், முனிராஜ் அழுதுகொண்டே சொன்னான்: "என்னால ஆவல ஏசப்பா. என்கிட்ட ஒண்ணும் இல்ல. தூக்கிக்கோ."

கால்கள் நின்றன.

பின்னால் வந்த கம்பெனி பஸ் ஹாரன் அடித்துச் சுற்றிக்கொண்டு போனது. டிரைவர் கன்னடத்தில் திட்டினான், குடித்திருக்கிறான் என்று நினைத்திருப்பான். பத்து வருஷத்து வலி முழுக்க ஒரே நேரத்தில் முட்டியில் வந்து இறங்கியது. அந்த வலியில்கூட அவனுக்குச் சிரிப்பு வந்தது. பஸ் ஏறி, சீட்டில் உட்கார்ந்து, ஆட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். கண்டக்டர் ஆட்டுக்கும் டிக்கெட் கிழித்தார். ஒக்கலிபுரத்தில் அவன் நொண்டிக்கொண்டு இறங்கி, மூச்சு வாங்க நின்றதைத் தெரு பார்த்தது. நாகேஷ் கயிறு இனி துணி காயப்போட ஆகும் என்றார். ராதா தரையைப் பூச நல்ல நாள் பார்த்தாள். முத்தம்மா பாயை விரித்தாள்.

அவன் பாய்க்குப் போகவில்லை. பத்து வருஷமாகத் தெருவின் அந்தக் கோடிக்குப் போகாத கால்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் போனான். பாமா அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தாள். அவை அசையவில்லை. அவள் கை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

"பீன்யாவுல நான் நிக்கல பாமா. இப்ப நிக்கிறேன். என்ன சொல்லணுமோ சொல்லு, ஓடமாட்டேன்."