யானை மிதித்த சுருளியாண்டி

முப்பத்து நான்கு வருடம் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நாவலையும் சங்கிலி பிடித்து அளந்துதான் எழுதுவேன் என்று அடம்பிடித்தேன். அதனால் 2004இல், கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு குமுளி மலை ஏறும் ஜீப்பில் மூன்று மாதம் கூடவே போய் வந்தேன். பத்துப் பேர் ஏறும் வண்டியில் நாற்பது பேர். (பத்தொன்பதுதான் என்பாள் என் மனைவி. அவள் ஏறிப் பார்த்தாளா?)

முன் சீட்டில் பெரும்பாலும் மொக்கம்மாள்தான் இருப்பாள். முட்டிவலி போலும் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

ஒருநாள் அவள் தன் தம்பி சுருளியாண்டியைத் தோட்டத்தில் யானை மிதித்துக் கொன்றதைச் சொன்னாள். அன்றைக்கும் கங்காணி விடவில்லையாம், சாயங்காலம்வரை காய் பறித்துவிட்டுத்தான் பிணத்தைப் பார்க்க வந்தாளாம். வண்டியே வாயடைத்துப்போனது. நான் அழுத அழுகையில் வைகை அணை இரண்டடி ஏறியது. ஒன்பது நாளில் ஒன்பது அத்தியாயம்! முன்னுரையில், 'குச்சனூர் சனீசுவரன்மேல் ஆணை, இதில் ஒரு வரிகூடக் கற்பனை இல்லை' என்று எழுதினேன். அதே தாளின் பின்பக்கம் சுருளியாண்டிக்குச் சமர்ப்பணம்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் வெளியீடு. முதல் பிரதி மொக்கம்மாளுக்கு. ஜீப்புப் பெண்களோடு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டாள். கூடவே மீசை வைத்த தடியன் ஒருவன்.

"யாரும்மா இது?"

"எந்தம்பி சுருளியாண்டி. ஓம்பேரு அச்சுல வந்துருக்குடான்னேன், கெளம்பிட்டான்."

என் நெஞ்சு நின்றது. கால் மணி நேரமாவது நின்றிருக்கும். செத்தவனோ மேசையிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தான்.

"ஏய்யா, யானை மிதிக்கிறப்ப ஒரு சத்தங்கூடப் போடாமச் சாகுறேனே? மச்சினன் வீட்டுல கேலி பேச மாட்டாகளா?"

"ஏன் ஆத்தா பொய் சொன்ன?" என்றேன்.

"மல ஏறுற வரைக்கும் பொழுது போகணும்ல? எவ பேச்சுல வண்டி வாயடச்சுப் போகுதோ, அவளுக்கு மறுநாளு முன் சீட்டு. மூணு மாசமாக் கூடவே வந்தீகளே, இது தெரியாதா?"

முன்னுரையைக் காட்டினேன். சுருளியாண்டி எழுத்துக்கூட்டி வாசித்தான். மொக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏலே, திருப்பிப் படி... சனீசுவரன்மேலயா? அய்யய்யோ, சர்வேயரய்யா! நாங்களும் பொய் பேசுவோம். சாமியச் சாச்சிக்குக் கூப்புட மாட்டோமே!"

கூட்டம் வர இன்னும் அரைமணி நேரம். ஐந்நூறு பிரதி. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அந்தத் தாளைக் கிழித்தார்கள். ஏலக்காய் பறித்த விரல்கள் அல்லவா, அடுத்த தாளில் ஒரு கீறல் விழவில்லை. முதல் பிரதியைச் செத்தவனே வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை ஜீப்பில் முன் சீட்டு காலியாக இருந்தது.

"ஒக்காருங்க. எங்க எல்லாரையும் தூக்கிச் சாப்புட்டுட்டீக, அது ஒங்களுக்குத்தேன்" என்றாள் மொக்கம்மாள்.

பெருமையாக ஏறி உட்கார்ந்தேன். வேறு யாரும் ஏறவில்லை.

"என்ன ஆத்தா?"

"மொதல்ல குச்சனூரு போயி எள்ளுத் தீபம் போட்டுட்டு வாங்க. சனி புடிச்ச ஆளோட மல ஏற நாங்க என்ன கிறுக்கச்சிகளா?"