ஹெடர் இல்லையாம்

அந்தச் சேர்வர் சீக்கிரம் கட்டி முடிந்துவிடக்கூடாது என்று தயாளினி வேண்டாத தெய்வமில்லை. இதைச் சிற்றம்பலம் மாஸ்டர் கேட்டிருந்தால் கதிரையோடு சரிந்து விழுந்திருப்பார்.

மாஸ்டர் கிளிநொச்சியில் டியூசன் நடத்துகிறவர். பஸ் இல்லாத பூநகரிப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போனில் பாடம் பார்க்க ஒரு சேர்வர் வேண்டும் என்பது அவர் ஆசை. ஆசை பெரிது, கணினி பழையது. ஆயத்தமாகக் கிடைக்கும் மென்பொருள் எதுவும் அதில் ஏறவில்லை. மூல நிரலை இறக்கி, அந்தக் கணினியிலேயே கொம்பைல் செய்து கட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே கணினி படிப்பிக்கும் தயாளினியின் தலையில் அது விழுந்தது.

சாண் ஏறினால் முழம் சறுக்கியது. முதல் நாளே ஒரு ஹெடர் கோப்பு இல்லை என்று கொம்பைல் நின்றுவிட்டது. அதற்கு வேண்டிய லைப்ரரி என்கிற துணை நிரல் பொதி கணினியில் கண்ணுக்கு முன்னால் இருக்க, இல்லை என்றால் என்ன அர்த்தம்? திரையோடு சண்டை பிடித்துப் பார்த்தாள். கடைசியில், வேறு வழியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பிழையைப் படம் எடுத்து ரொறன்ரோவில் கணினி வேலை பார்க்கும் புருசனுக்கு அனுப்பினாள்.

சஜீவனும் அவளும் கதைத்து மாசக்கணக்காகியிருந்தது. "வயலை வித்துப்போட்டு இஞ்சை வாரும்" என்று அவன் சொல்லப்போய் வந்த சண்டை. முரசுமோட்டையில் அவளுடைய அப்பா காடு வெட்டித் திருத்திய வயல் அது. "வயலை வித்துப்போட்டு வாற பொம்பிளை வேணுமெண்டால் வேறை ஆளைப் பாருங்கோ" என்று அவளும் வாய் விட்டுவிட்டாள். விட்ட சொல்லை யார் திருப்பி வாங்குவது?

அதற்கு முன்பெல்லாம் போன் எடுத்தவுடன் அவன் கேட்கும் முதல் கேள்வி, "குளத்திலை எத்தினை அடி தண்ணி?" என்பதுதான். வயலுக்குத் தண்ணீர் தரும் இரணைமடுக் குளத்தின் சுகத்தை விசாரித்தபிறகுதான் பெண்டாட்டியின் சுகம். "நீங்கள் என்னைக் கட்டினீங்களோ, குளத்தைக் கட்டினீங்களோ?" என்று அவள் எரிந்து விழுவாள். இப்போது அந்தக் கேள்விக்காகத்தான் ஏங்கிச் செத்தாள். குளத்தைக் கேட்கிறவன் திரும்பி வருகிற எண்ணத்தில் இருக்கிறான். கேட்காதவன் போனவன்தான்.

படம் போய் ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. "லைப்ரரி இருந்தால் காணாது. கட்டுறதுக்கு வேண்டிய ஹெடர் வேறை பொதியிலை வரும். அதையும் போடும்." அவ்வளவுதான். சுகமா என்றுகூட இல்லை. ஆனால் அவள் அதைப் பத்துத்தரம் வாசித்தாள்.

அடுத்த நாள் பாதி வழியில் மெமரி போதாமல் கொம்பைல் செத்துப்போனது. "நாலு வேலையை ஒண்டாக் குடுத்தால் அந்தக் கிழட்டு மெசின் என்ன செய்யும்? ஒண்டொண்டாக் குடும்" என்று எழுதினான். அதற்கடுத்த நாள் இன்னொரு பிழை. பின்னேர வகுப்பு முடிந்ததும் அவள் தலை இழுத்து, முகம் கழுவிக்கொண்டுதான் படத்தை அனுப்புவாள். படத்தில் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும்தான் தெரியும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். மனசு கேட்கவேண்டுமே.

அப்படியே போயிருக்கலாம். ஒருநாள் புத்தி கெட்டு, ஒரு பிழையைத் தானே தேடி வாசித்துத் திருத்திவிட்டாள். கொம்பைல் ஓடியது, ஓடியது, நூறு வீதத்தில் போய் நின்றது. பிழை ஒன்றுமில்லை. இனி அவனுக்கு அனுப்பப் படம் ஏது?

"என்ன பிள்ளை, இன்னும் அவியேல்லையோ?" என்று மாஸ்டர் எட்டிப் பார்த்தார்.

"இல்லை சேர். இன்னுமொரு பிழை நிக்குது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும், கட்டியதையெல்லாம் அழித்தாள். முதல் நாள் போட்ட ஹெடரையும் கழற்றினாள். மறுபடி கொம்பைல் கொடுத்தாள். ஹெடர் இல்லை என்று அது சமர்த்தாக வந்து நின்றது. படம் எடுத்து அனுப்பினாள்.

இந்தமுறை எழுத்து வரவில்லை. போன் அடித்தது.

"தயா, அந்தப் படத்திலை மேலை பாரும்."

"மேலை என்ன?"

"பிழைக்கு மேலை. நூறு வீதம் கட்டி முடிஞ்சுது எண்டு கிடக்கு."

பழையதைத் திரையிலிருந்து துடைக்க மறந்துபோயிருந்தாள். பிள்ளைகளுக்கு அவள் முதல் பாடமாகப் படிப்பிப்பதே அதைத்தான். காது மடல் சுட்டது. இனி மறைத்து என்ன?

"ஓம், முடிஞ்சுது. நான்தான் ஹெடரைக் கழட்டினனான். முடிஞ்சுது எண்டால் நீங்கள் கதைக்கமாட்டியள். எனக்கு வேறை என்ன வழி இருக்கு?"

 போனை வைக்கப்போகிறான் என்று நினைத்தாள். பக்கத்து வகுப்பில் மாஸ்டர் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.

"தயா."

"ம்."

"சிறுபோக விதைப்புக்குக் கூட்டம் வைச்சிட்டினமோ?"

"இல்லை. வாற கிழமை."

"குளத்திலை எத்தினை அடி தண்ணி?"

அவளுக்குத் தெரியும். கேட்க ஆளில்லாத இந்த மாசங்களிலும் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்காரரைக் கண்ட இடத்தில் மறித்து, அதை விசாரித்து மனசில் வைத்துக்கொண்டு திரிந்தவள். இப்போது அதைச் சொல்லாமல் போனைக் காதோடு இன்னும் அழுத்திப் பிடித்தாள்.

"நான் சொன்னது கேட்டதோ?" என்றான் சஜீவன்.

"கேட்டது. இன்னொருக்காக் கேளுங்கோ."